நிழல் மறையும் நிமிஷம்

உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறான் என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோம். வெலிங்டனில் வாழும் ஒருவருக்கு இச்சொல் உண்மையாவது ஆண்டில் இரண்டே நாட்களில்தான். ஏப்ரல் 20ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள். ஆகஸ்டு 22, 23ஆம் தேதிகளை ஒட்டி மற்றொரு நாள். அன்று நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். கடக ரேகைக்கு வடக்கே உள்ள தில்லிவாசிகளுக்கோ அப்படிப்பட்ட நாள் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

எந்தக் கணத்தை எடுத்துக் கொண்டாலும், சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் பூமியின்மீது ஒன்றே ஒன்றுதான். அது கடலில் இருக்கலாம், பாலைவனத்தில் இருக்கலாம். அந்த இடம் ஓயாது மேற்கு நோக்கி ஓடுகிறது; நம் நீலகிரி இருக்கும் அட்சரேகையில் அதன் வேகம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். அதே சமயம் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே மெல்ல ஏறி இறங்கவும் செய்கிறது. ஏப்ரல் மாதத்தில் அது நாளொன்றுக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வடக்கே நகர்கிறது.

இந்தப் புள்ளியை உலகப்படத்தின்மீது காட்டும் கணிப்பொறி நிரல்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. இவை வானத்தைப் பார்ப்பதில்லை. இவற்றுக்கு வேண்டியது தேதியும் நேரமும் மட்டுமே. பெரும்பாலான நிரல்கள் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நண்பகலிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்று எண்ணி, பூமி தன் பாதையில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால், அக்கணக்கிலிருந்து புள்ளியின் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகை சற்றுத் தொல்லை தரும். பூமியின் பாதை முழு வட்டம் அன்று, அச்சும் சாய்ந்துள்ளது. ஆகவே சூரியன் காட்டும் நேரம் கடிகார நேரத்துக்குச் சில நாட்களில் 16 நிமிஷம் வரை முந்தியும், சில நாட்களில் 14 நிமிஷம் வரை பிந்தியும் வரும். நிரல் இதையும் சேர்த்துக் கொள்கிறது. லீப் ஆண்டினால் தேதி ஒரு நாள் முன்பின்னாவதும் அதன் கணக்கில் தானே அடங்கிவிடுகிறது. பழைய அச்சுப் பட்டியலுக்கு அந்த வசதி இல்லை.

இனி வெலிங்டனுக்கு வருவோம். அது வடக்கே ஏறத்தாழ 11 பாகை 22 கலையிலும், கிழக்கே 76 பாகை 47 கலையிலும் இருக்கிறது. நம் கடிகாரங்களோ 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டவை. இந்த வித்தியாசத்தால் மட்டும் வெலிங்டனின் உண்மை நண்பகல் ஏறத்தாழ 23 நிமிஷம் பிந்துகிறது. ஏப்ரலில் நிழல் மறைவது சுமார் 12 மணி 22 நிமிஷத்துக்கு. ஆகஸ்டில் சுமார் 12 மணி 26 நிமிஷத்துக்கு. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் பார்க்கிறவருக்கு ஒரு மீட்டர் கோல் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் நிழலைக் காட்டும். அவர் நிரலைப் பொய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடக் கூடும்!

மலைமேல் இருப்பதால் மாறுதல் உண்டா என்று சிலர் வினவலாம். பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனுக்கு வெலிங்டனின் 1,850 மீட்டர் உயரம் ஒரு பொருட்டே அன்று. சரிவான நிலந்தான் மாணவரை ஏமாற்றும். ஆகவே ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன் செய்து, தூக்குக்குண்டு பிடித்துக் கோலை நட வேண்டும். குன்னூருக்கும் உதகைக்கும் இதே நாள்தான். கோயம்புத்தூருக்கு ஏப்ரலில் ஒரு நாள் முன்னதாகவும், ஆகஸ்டில் ஒரு நாள் பின்னதாகவும் வரும். ஆகஸ்டில் மேகம் குறுக்கிடாமல் இருப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21ஆம் தேதி ஒரு மீட்டர் கோலுக்கு அது சுமார் 21 சென்டிமீட்டர் நீளும். நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று ஐரோப்பியப் பாடநூலில் படித்தவர்கள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதே 11 பாகையை ஒரு மலைச்சரிவிலும் காணலாம். உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1970இல் அமைத்து முடித்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அட்சரேகைக்கு ஒத்த சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்து அமைத்ததால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து நோக்கலாம்.

புள்ளி நம் ஊருக்கு வராத நாட்களிலும் நமக்குப் பயன்படுவதுண்டு. மே 28ஆம் தேதியை ஒட்டியும் ஜூலை 16ஆம் தேதியை ஒட்டியும் அது மக்காவின்மீது நிற்கிறது. இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிஷம். ஜூலையில் 2 மணி 57 நிமிஷம். அந்த வேளையில் வெலிங்டனில் நட்ட கோலின் நிழல் எப்பக்கம் விழுகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கமே மக்காவின் திசை.