கழுகும் மலையும் தாங்கிய வெள்ளி

ரோம வெள்ளிக்காசு என்றதும் நமக்கு நினைவு வருவது தினாரியஸ். கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த வெள்ளிக்காசுகள் அவைதான். ஆனால் பேரரசின் கிழக்குச் சீமைகளான சிரியாவிலும் எகிப்திலும் இன்றைய துருக்கியிலும் அந்தந்த மாகாணமே தனக்கென வெள்ளிக்காசு அடித்தது. எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். முகம் மட்டும் ரோமப் பேரரசருடையது.

சிரிய மாகாணத்து அந்தியோக்கியா நகரத்தின் டெட்ராட்ராக்ம் என்ற வெள்ளிக்காசு ஏறத்தாழ 14 கிராம் எடை. ஒரு பக்கம் மாலை சூடிய பேரரசர் தலை, மறுபக்கம் கழுகு. ரோமப் போர்வீரனுக்கு அது தன் படையணிக் கம்பத்தின் உச்சியில் நிற்கும் பறவை. கிரேக்கம் பேசிய சந்தை வியாபாரிக்கோ அது சீயஸ் கடவுளின் பறவை. தாலமி மன்னர்களின் காசுகளில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியது. ஒரே சின்னத்தில் இருவரும் அவரவர் தெய்வத்தையும் அதிகாரத்தையும் கண்டார்கள். ரோமின் ஆட்சித்திறனுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய துருக்கியில் இருந்த கப்படோக்கியா மாகாணத்தின் சிசேரியா நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே காசின் மறுபக்கத்தில் இடம்பெற்றது அர்கேயஸ் மலை. 3,900 மீட்டருக்கும் உயர்ந்த அந்த எரிமலையை ஊர்மக்கள் தெய்வமாகவே வணங்கினார்கள்.

எகிப்தின் கதை வேறு. அலெக்சாந்திரியாவில் அடித்த, செம்பு மிகுந்த வெள்ளிக்காசு அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியானது. முசிறித் துறைமுகத்தோடு ரோமர் செய்த வாணிபம் அலெக்சாந்திரியா வழியாகவே நடந்தும் தமிழகம் வந்து சேர்ந்தது தினாரியஸ்தான். அலெக்சாந்திரியக் காசுகளில் பேரரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருப்பதால் எந்த ஆண்டில் அடித்தவை என்று இன்றும் சொல்லிவிடலாம்.

இந்தச் சின்னங்களின் வலிமையை நன்றாக உணர்ந்தவர்கள் யூதேயாவின் கிளர்ச்சியாளர்கள். கி.பி. 132இல் சைமன் பார் கோக்பா தலைமையில் பேரரசர் ஹாட்ரியன் ஆட்சியை எதிர்த்து எழுந்த அவர்கள், மாகாண வெள்ளிக்காசுகளை உருக்கவில்லை. அவற்றின்மீதே தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். பேரரசரும் கழுகும் இருந்த இடத்தில், 70இல் ரோமர் இடித்த எருசலேம் ஆலயத்தின் முகப்பும் பழைய எபிரேய எழுத்தும் வந்தன. 135இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, காசுகள் தப்பிவிட்டன. அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றைக் காண நேர்ந்தால் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் புதிய அச்சுக்கு அடியில் பழைய கிரேக்க எழுத்துகள் இன்னும் தெரியும்.