மும்தாஜ் மஹால் என்னும் பந்தயப் பெட்டையும் அதன் வம்சமும்

கால்நடை விருத்தியில் நாட்டமுள்ள மிராசுதார்கள் பொலிகாளையைத் தேடி நெடுந்தூரம் செல்வதுண்டு. அக்காளையை ஈன்ற பசு எத்தகையது என்று வினவுவோரோ மிகச் சிலரே. நல்ல பசுவின் கிடாரிகளைச் சந்தையில் விற்றுவிட்டுப் பின்னர் வருந்துவோரையும் யாம் கண்டிருக்கிறோம். தாய்வழியின் தன்மையை அறிய வேண்டுவோர் இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளை நோக்குதல் நலம். தரோபிரெட் எனப்படும் அந்த ஜாதிக்கு 1791-ம் வருஷம் முதல் வம்சப் பதிவேடு அச்சிடப்பட்டு வருகின்றமையால், ஒரு பெட்டையின் சந்ததியைப் பல தலைமுறை தொடர்ந்து காணுதல் அங்கே கூடும்.

மும்தாஜ் மஹால் 1921-ம் வருஷம் பிறந்தது. அதன் தந்தை, ஓடிய ஏழு பந்தயங்களிலும் தோல்வியே அறியாத தி டெட்ரார்க் என்னும் சாம்பல் நிறக் குதிரை. தாய் லேடி ஜோஸபைன். தந்தையின் நிறமும் வெண்புள்ளிகளும் குட்டிக்கும் அமைந்தன. 1922-ல் டான்காஸ்டர் ஏலத்தில் மூன்றாம் ஆகாகான் அவர்களுக்காக 9,100 கினிக்கு இது வாங்கப்பட்டது. ஒரு வயதுக் குட்டிக்கு இவ்விலையா என்று அக்காலத்தில் வியந்திருப்பர்.

1923-ல் இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய இப்பெட்டை, ஆஸ்காட்டில் ஐந்து பர்லாங்கு தூரமுள்ள க்வீன் மேரி பந்தயத்தில் மற்றக் குதிரைகளைப் பத்துக் குதிரை நீளம் பின்னே விட்டுச் சென்றது. அவ்வருஷம் அதற்கு நேர்ந்த தோல்வி ஒன்றே. அதுவும் கெம்ப்டனில் சேறாகிய தரையில் நேர்ந்தது. ஆயினும் மறுவருஷம் குறை வெளிப்பட்டது. ஒரு மைல் தூரமுள்ள ஆயிரம் கினிப் பந்தயத்தில் முன்னே ஓடி, முடிவை அணுகுங்கால் மூச்சுத் தளர்ந்து, பிளாக் என்னும் பெட்டைக்கு முதலிடத்தை விட்டது. பின்னர் ஆஸ்காட்டில் மற்றொரு மைல் பந்தயத்திலும் தோற்றது. குறுந்தூரத்திற்கு மீட்டபின் குட்வுட்டிலும் யார்க்கிலும் வென்று, பத்துப் பந்தயங்களில் ஏழு வெற்றியுடன் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

வேகம் உண்டு, நீடித்த சக்தி இல்லை. இத்தகைய தாயை என்செய்வது? வேகமுள்ள பொலிகுதிரையோடே மீண்டும் சேர்த்திருந்தால் குறை இரட்டித்திருக்கலாம். 1918-ல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற கெயின்ஸ்பரோவோடும், 1930-ல் டெர்பி வென்ற பிளென்ஹைமோடும் இதனைச் சேர்த்தனர். முதற்சேர்க்கையில் மா மஹாலும், அடுத்ததில் மும்தாஜ் பேகமும் பிறந்தன. இவ்விரு பெண்குட்டிகளையும் கைவிடாது மந்தையில் வைத்துக்கொண்டதே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது எமது துணிபு.

மா மஹாலின் மகன் மஹ்மூத் 1936-ல் ஒன்றரை மைல் டெர்பியை 2 நிமிஷம் 33.8 விநாடியில் ஓடி வென்றது. பாட்டிக்கு ஒரு மைலே கடினமாயிருந்ததை நினைவு கூர்க. அந்நேரத்தை 1995 வரை எக்குதிரையும் டெர்பியில் குறைக்கவில்லை.

மும்தாஜ் பேகத்தின் மகன் நஸ்ருல்லா 1940-ல் பிறந்தது. அது மிகப் பிடிவாதமுள்ளது. மனம் இசைந்தால் ஓடும், இல்லையேல் சவாரி செய்பவனை அலைக்கழிக்கும். 1943 டெர்பியில் மூன்றாவதாகவே வந்தது. ஆனால் பொலிகுதிரையாக அமெரிக்காவில் ஐந்து வருஷங்கள் முதலிடம் பெற்றது. 1973-ல் அந்நாட்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ஸெக்ரடேரியட் அதன் பேரனேயாம்.

1981-ல் டெர்பியைப் பத்துக் குதிரை நீளத்தில் வென்ற ஷெர்கார் குதிரையும் தாய்வழியில் மும்தாஜ் பேகத்தைச் சார்ந்ததே. 1983 பிப்ரவரியில் அயர்லாந்தில் லாயத்திலிருந்து அதனைக் களவாடினர். பின் அது கிடைக்கவேயில்லை. ஒரு பருவத்துக் குட்டிகளோடு அதன் விருத்தி நின்றது.

மா மஹாலின் கிளையும் ஒருகால் நூலிழையில் தொங்கியது. அக்கிளையில் தோன்றிய பெத்தீத் எத்துவால் 1959-ல் ஆயிரம் கினியும் ஓக்ஸும் வென்ற சிறந்த பெட்டை. எனினும் தாயாக அது செழிக்கவில்லை. அதற்குப் பெண்குட்டி ஒன்றே, ஸஹ்ரா என்பது. அதனையும் ஆகாகான் குடும்பத்தார் விற்காது வளர்த்தனர். அதன் வழியில் வந்த ஸர்காவா ஏழு பந்தயங்களிலும் தோல்வியின்றி ஓடி, 2008-ல் பாரிஸ் நகரின் லாங்ஷாம் களத்தில் ஆர்க் பந்தயத்தை வென்று, குட்டி ஈனுதற்கு லாயம் புகுந்தது.