டாப் 2% விஞ்ஞானி, ஹெச்-இண்டெக்ஸ்... இந்த எண்களை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

'உலகின் டாப் 2% விஞ்ஞானிகள் எங்கள் கல்லூரியில்!' அட்மிஷன் சீசனில் இப்படி விளம்பரம் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் பட்டியல் அது. அடிப்படை, மேற்கோள் எண்ணிக்கை.

மேற்கோள்னா என்ன?

ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இன்னொரு ஆய்வாளர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால், அது ஒரு மேற்கோள்.

ஹெச்-இண்டெக்ஸ்?

2005ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் சொன்ன கணக்கு. 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் இண்டெக்ஸ் 20. நூறு கட்டுரை எழுதியும் யாருமே மேற்கோள் காட்டலைன்னா பூஜ்ஜியம். ஒரே கட்டுரைக்கு ஆயிரம் மேற்கோள் வந்தாலும் 1தான்!

சென்னை உதாரணம்

அடையாறு பக்கத்தில் உள்ள ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவில் வளரும் மூளையின் 5,132 மெல்லிய சீவல்களை, செல் வரை தெரியும் அளவுக்குப் படமாக்கி, உலகமே இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்காங்க. மூளையைச் சீவி, சாயமேற்றி, ஸ்கேன் செய்வது பெரிய குழுவின் உழைப்பு. ஆனா மேற்கோள் சேர பல வருஷம் ஆகும். அதுவரை எண் சின்னதாத்தான் தெரியும்.

எதைக் கவனிக்கணும்?

* ஒரே துறைக்குள் மட்டும் ஒப்பிடுங்க. மருத்துவத்தில் மேற்கோள் அதிகம், கணிதத்தில் குறைவு.
* சீனியருக்கு எண் இயல்பாகவே கூடும்.
* தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியும் எண்ணை ஏத்தலாம்.
* வாபஸ் பெறப்பட்ட கட்டுரை இருக்கான்னு பாருங்க.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது எண்ணோட நிறுத்தாம, 'என்ன கண்டுபிடிச்சாங்க?'ன்னும் கேளுங்க.