கொசுப்புழுவும் தாவரச் சாறும்

மாலை வேளையில் நொச்சித் தழையை நெருப்பிலிட்டுப் புகை மூட்டுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். இப்புகை கொசுவை விரட்டுமே தவிர, அதன் பெருக்கத்தைத் தடுக்காது. சிறகு முளைத்த கொசு எங்கும் பறந்து செல்லும். புழுப் பருவத்திலோ, தான் பிறந்த நீரை விட்டு அதனால் வெளியேற இயலாது. தாவரச் சாறுகளைப் பற்றிய ஆய்வுகள் பல இப்பருவத்தையே குறிவைப்பதற்குக் காரணம் இதுதான்.

சோதனை எளியது. இலையையோ விதையையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்ககால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் பசை போன்ற சாறு எஞ்சும். 100 மில்லிலிட்டர் நீருள்ள கிண்ணங்களில் 25 புழுக்கள் வீதம் விட்டு, இச்சாற்றை வெவ்வேறு அளவில் கலக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் மட்டும் சாறின்றிக் கரைப்பானைச் சேர்ப்பார்கள். கொன்றது கரைப்பான் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. 24 மணி நேரத்தில் பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவே சாற்றின் வீரியத்தைக் காட்டும்.

ஒரு செடியின் சாற்றுக்கு இவ்வளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கிண்ணத்துக்கு 5 மில்லிகிராம் போதும். ஆனால் 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழத்துக்கு நீரும் உள்ள கிணற்றுக்கு என்ன ஆகும்? நீரின் அளவு சுமார் 9,400 லிட்டர். தேவைப்படும் சாறு 470 கிராம். ஒரு கிலோ உலர்ந்த இலை 50 கிராம் சாறு தருமானால், 9 கிலோவுக்கு மேல் இலை வேண்டும். அதுவும் பாதிப் புழுக்கள் சாவதற்கே! செய்தித்தாளில் 'அற்புத மூலிகை' என்று படித்தவுடன் இப்படியொரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வேம்பின் கதை வேறு. 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் புழுவை உடனே கொல்வதில்லை. தோலுரிப்பதற்குத் தேவையான ஹார்மோன்களின் ஒழுங்கை அது குலைக்கிறது. புழு சில நாள் உயிரோடிருந்து, தோலுரிக்க முடியாமல் சாகும். 24 மணி நேரத் தேர்வில் வேம்பு குறைந்த மதிப்பெண் பெறுவதில் வியப்பில்லை. கொசுவாக வெளிவந்தவை எத்தனை என்று எண்ணுவதே நியாயமான தேர்வு. வேப்பெண்ணெயை நீரில் பரப்புவதில் இயற்பியலுக்கும் பங்குண்டு. க்யூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் சுவாசக் குழலை நீர்ப்பரப்பில் ஊன்றித் தலைகீழாகத் தொங்குகின்றன. எண்ணெய்ப் படலம் பரப்பு இழுவிசையைக் குறைத்தால் அந்தப் பிடி தளரும், குழலும் அடைபடும். மண்ணெண்ணெய் செய்யும் வேலையும் இதுதான்.

தாவர நஞ்சுகளுக்குப் பெரும் பகை சூரிய ஒளி. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரித்திரப் பூவிலுள்ள பைரித்திரின் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும். ஆனால் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஜப்பானில் இப்பூவைக் கொண்டு கொசுவத்திச் சுருள் செய்தபோது இக்குறை தடையாகவில்லை. சுருள் எரிவது இரவில், வீட்டுக்குள் அல்லவா? பைரித்திரினை ஒத்த, வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரினை 1973-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உருவாக்கினார்கள். அது வயலுக்கும் கொசுவலைக்கும் பயன்பட்டது. ஆனால் இவ்வகை மருந்துகளை எதிர்க்கும் கொசுக்களும் பல நாடுகளில் தோன்றிவிட்டன. எனவேதான் புதிய தாவரங்களைத் தேடும் பணி தொடர்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் குடிக்கச் சேமித்து வைக்கும் நீரிலேயே முட்டையிடும். இலைச்சாறுதானே என்று அந்நீரில் எதையும் ஊற்றிவிடக் கூடாது, அரளியும் செடிதான். அங்கே இறுக்கமான மூடியே நம்பத்தக்கது. வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலிசெய்யும்போது நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கு ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டைகள் பல மாதம் உலர்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கக் கூடியவை.