முட்டை அப்பத்துக்குள் ஒரு பிடி சோயா

பின்னேரம் ஹெந்தளையில் அப்பக்கடையில் அடுப்பு மூட்டியதும் "முட்டை அப்பம் இப்ப எவ்வளவு?" என்ற கேள்வி எழும். விலை கூடியிருந்தால் கடைக்காரர் முட்டை வியாபாரியைக் கைகாட்டுவார். வியாபாரி பண்ணையைக் காட்டுவார். குளியாப்பிட்டியிலோ வென்னப்புவையிலோ கோழி வளர்ப்பவரைக் கேட்டால் "தீன் விலை தெரியுமோ?" என்று திருப்பிக் கேட்பார். தீன் ஆலைக்காரரின் பதில் இரண்டே சொல்: சோயா, டொலர்.

இந்த ஆலைகளில் பெரியதொன்று ஹெந்தளைக்கு அதிக தூரத்தில் இல்லை. களனி ஆற்றைக் கடந்தால் மட்டக்குளி, அதற்கப்பால் முகத்துவாரம். 1982 இல் தொடங்கிய சிலோன் கிரெய்ன் எலிவேட்டர்ஸ் நிறுவனம் அங்கே ரொக் ஹவுஸ் ஒழுங்கையில் இருக்கிறது. கோழிப் பண்ணைகள் குருநாகலிலும் புத்தளத்திலும் கம்பஹாவிலும் பரந்து கிடக்க, தீன் ஆலை கொழும்புத் துறைமுகத்தின் ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. தீனின் முக்கிய சரக்கு கப்பலில் வருகிறது.

சோயாவில் அப்படி என்ன இருக்கிறது?

சோயா அவரை 100 கிலோவைப் பிழிந்தால் 18 முதல் 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். மிச்சம் ஏறத்தாழ 80 கிலோ பிண்ணாக்கு. அதில் 44 முதல் 48 வீதம் புரதம். நம் ஊர்த் தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் 20 வீதமளவில்தான், நாரும் அதிகம். மாடு அதைச் சமாளிக்கும், கோழியால் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கோழித்தீனில் பாதிக்கு மேல் சோளம். சோளம் சக்தியைக் கொடுக்கும். ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் மிகக் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். சோயாவில் குறைவான மெதியோனினை ஆலையில் தனியாகச் சேர்த்துவிடுவார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்தால் சோறும் பருப்பும் மாதிரி. உலகின் பெரும்பாலான கோழிகள் இந்த இரண்டையும் நம்பித்தான் வாழ்கின்றன.

முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீன் தின்னும். எல்லா நாளும் முட்டையிடாது என்பதால் ஒரு முட்டைக்குச் சராசரி 130 கிராம் தீன் போகிறது. அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சோயா, அதாவது 30 கிராமளவில். அப்படிப் பார்த்தால் 50 கிலோ சோயாப் பிண்ணாக்கு மூடை ஒன்றுக்குள் 1,600க்கு மேற்பட்ட முட்டைகளுக்கான சோயா இருக்கிறது.

மூடையை அவிழ்த்தால்

வாங்குபவர் முதலில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். நல்ல பிண்ணாக்கு வெளிர் பொன்னிறமாக, வறுத்த கடலை போல மணக்கும். பச்சை அவரை மணம் வந்தால் வேக்காடு போதாது. கரும் பழுப்பாகித் தீய்ந்த மணம் வந்தால் வேக்காடு கூடிவிட்டது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. சூடுதான் அதை அழிக்கும். சூடு மிஞ்சினாலோ லைசினே கெட்டுப்போகும்.

ஆய்வுகூடத்தில் இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. யூரியாவும் பீனோல் ரெட் என்ற சாயமும் கலந்த கரைசலைத் தட்டில் பரப்பிய பிண்ணாக்கில் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுப்பார்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்புப் புள்ளி தோன்றினால் பதம் சரி. தட்டு முழுக்கச் சிவந்தால் பச்சை. ஒரு புள்ளியும் வராவிட்டால் கருகியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஏமாற்றுக்கும் இதில் வழி உண்டு. புரதத்தை வழக்கமாக நைதரசனை அளந்து, 6.25 ஆல் பெருக்கித்தான் கணிக்கிறார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியா கலந்தால் கணக்கில் கிட்டத்தட்ட 2.9 கிலோ "புரதம்" கூடும். கோழிக்கோ அதனால் பயனில்லை. எனவே அறிக்கையில் புரத வீதத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஈரப்பதன், நார், மணல், யூரியா எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விலங்குணவுச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. தீனின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாம் அதன் கீழ்த்தான் வருகின்றன.

இங்கேயே விளைவிக்க முடியாதா?

அனுராதபுரத்திலும் மகாவலி எச் வலயத்திலும் சோயா விளைகிறது. ஆனால் அது திரிபோஷா சத்துமாவுக்கும் மற்ற மனித உணவுக்குமே பெரும்பாலும் போய்விடுகிறது. பிண்ணாக்கு வேண்டுமானால் விதைத்தால் மட்டும் போதாது. பெரிய அளவில் எண்ணெய் பிரிக்கும் ஆலையும், அதற்கு வருடம் முழுக்க அரைபட அவரையும் வேண்டும். சிறு அளவில் முழு அவரையை வறுத்துத் தீனில் சேர்க்கலாம். அது துணைக்கு வரும், முழுத் தேவைக்கும் ஈடாகாது.

ஆகவே வெளியில் வாங்குகிறோம். பிண்ணாக்கு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் ஆர்ஜென்டினாவுக்கு. நமக்குப் பக்கத்தில் இருப்பது இந்தியா; மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் அதன் சோயா மாநிலங்கள். அந்தப் பக்கத்துவீடும் எப்போதும் கைகொடுக்கும் என்றில்லை. 2021 இல் அங்கேயே விலை எகிற, ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 இலட்சம் தொன் இறக்குமதிக்கு இந்திய அரசு அனுமதி கொடுத்தது. விற்கிற வீடே வாங்கப் புறப்பட்ட வருடம் அது.

இந்த ஆட்டம் பழையது. 1972 இல் பெருவின் கடலில் நெத்தலி வகை மீன் அற்றுப்போக, உலகத் தீன் ஆலைகள் மீன் தூளை விட்டுச் சோயாவுக்குத் திரும்பின. விலை ஏறியதும் 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. அதில் அடிபட்ட ஜப்பான், அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பிரேசிலின் செராடோ வெளியைச் சோயா நிலமாக்கும் திட்டத்தில் பணத்தை இறக்கியது. ஒரே கடையை நம்பக்கூடாது என்று ஜப்பான் கற்ற பாடம் அது.

டொலர் இல்லாத வருடம்

நமக்கு அந்தப் பாடம் 2022 இல் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதில் உள்ளூர்ச் சோளம் அடிபட்டது. பிறகு வங்கிகளில் நாணயக் கடிதம் திறக்க டொலர் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தொன் 500 டொலர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு இலட்சம் ரூபாவின் சரக்கு இரண்டே மாதத்தில் ஒரு இலட்சத்து எண்பதாயிரமாகிறது. முட்டைச் செலவில் 60 முதல் 70 வீதம் தீனுக்கே போகிற தொழிலில் இது தாங்காது. பலர் கோழிகளை இறைச்சிக்கு விற்றுவிட்டுக் கூட்டைப் பூட்டினார்கள்.

அந்த ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை வர்த்தமானியில் வந்தது. விலை கட்டுப்பட்டதோ இல்லையோ, கடையில் முட்டையைக் காணோம். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டையையே கப்பலேற்றினோம், முதலில் பேக்கரிகளுக்கு. தீனுக்கு இல்லாத டொலரை முட்டைக்குத் தேட வேண்டியதாயிற்று.

தீன் மூலப்பொருள் இறக்குமதியை ஆடம்பரப் பொருள் போல நினைத்த நேரத்தில் திறந்து மூடுவது பிழை. மருந்து இறக்குமதிக்குக் கொடுக்கும் நிதானம் இதற்கும் வேண்டும்: முன்கூட்டியே அறிவித்த அனுமதி, இரண்டு மூன்று நாடுகளில் கொள்வனவு, கையிருப்புக் கணக்கு. இன்று கூட்டில் விடுகிற குஞ்சு முதல் முட்டையிட ஏறத்தாழ ஐந்து மாதம் எடுக்கும். அந்த ஐந்து மாதத்தை எந்த வர்த்தமானியாலும் குறைக்க முடியாது.