கழுத்துப் பிடிப்பும் தேகப் பயிற்சியும்

பின்னாலிருந்து யாரேனும் கூப்பிட்டால், தலையை மட்டும் திருப்பாமல் உடம்பு முழுவதையும் தேரைத் திருப்புவது போல் திருப்புகிற பெரியவர்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அது கம்பீரத்தின் அடையாளம் அன்று. பெரும்பாலும் கழுத்து மூட்டுத் தேய்வின் அடையாளம்.

நமது கழுத்தில் உள்ள எலும்புகள் 7. அவ்வளவு நீண்ட கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான்! ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை இவை விழித்திருக்கும் நேரமெல்லாம் தாங்குகின்றன. எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுக்கள் உண்டு. வயது ஏற ஏற இவற்றின் ஈரப்பசை குறைகிறது. மூட்டுக்களின் வழவழப்பும் தேய்கிறது. 60 பிராயத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே படத்தில் இத்தேய்வு தென்படும். ஆயினும் அவர்களில் அநேகருக்கு வலியே இராது. ஆகையால் படத்தைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

வலிக்கு அஞ்சிக் கழுத்தை அசைக்காமலே வைத்திருப்பதுதான் பலர் செய்யும் பிழை. அசையாத மூட்டு இறுகுகிறது. உழைக்காத தசை பலம் இழக்கிறது. வலி மேலும் வளர்கிறது. கழுத்துப் பட்டையை மாதக் கணக்கில் அணிவதிலும் இதே தீங்கு உண்டு. இந்தச் சுழலை அறுக்கவே பயிற்சி.

முதலில் பத்து நிமிஷம் இளஞ்சூடான ஒற்றடம் கொடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள்.

முதலாவது: பார்வை நேராக இருக்க, முகவாயைப் பின்னோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். தலை குனியலாகாது.

இரண்டாவது: தலையை மெதுவாக வலப்புறம் திருப்பி, சற்று நிறுத்தி, நடுவுக்கு வாருங்கள். பின்னர் இடப்புறம்.

மூன்றாவது: தோளை உயர்த்தாமல், காதைத் தோளை நோக்கிச் சாயுங்கள். இரு பக்கமும் செய்க.

நான்காவது: முதுகிலுள்ள தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றையொன்று நெருங்கும்படி இழுத்துத் தளர்த்துங்கள்.

ஐந்தாவது: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி ஒன்றையொன்று மெல்ல அழுத்துங்கள். பக்கங்களிலும் பின்புறமும் அவ்வாறே.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை வீதம், காலையும் மாலையும் செய்தால் போதும். இழுப்பது போன்ற உணர்ச்சி இருக்கலாம். கூர்மையான வலியோ, தலைச் சுற்றலோ கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். தலையைச் செக்குப் போல வட்டமாகச் சுழற்ற வேண்டாம். க்ஷவரக் கடையில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நலம். அதனால் கழுத்தின் ரத்தக் குழாய் கிழிந்தவர்களும் உண்டு.

கை மரத்துப்போதல், கையில் பலக் குறைவு, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை, ஜுரம் ஆகியவை இருந்தாலும், கீழே விழுந்த பின் வலி தோன்றினாலும், பயிற்சியை நாடாமல் வைத்தியரிடம் விரைந்து செல்லுங்கள். கை விரல் மூட்டுக்களை வீங்கச் செய்யும் முடக்குவாதம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடங்கலாகாது.

புத்தகத்தையும் கைப்பேசியையும் மடியில் வைத்துக் குனியாமல் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடியுங்கள். தலையணை உயரமாக இருக்க வேண்டாம். தேய்ந்த எலும்பைப் பயிற்சி புதிதாக்கிவிடாது. ஆனால் சில வாரங்கள் விடாமல் செய்து வந்தால் பிடிப்புத் தளர்ந்து, கூப்பிட்டவரைத் தலை திருப்பிப் பார்ப்பது எளிதாகக்கூடும்.