குடல் சுவருக்குத் தயிர் தரும் காவல்

குழம்பு, ரசம் என்று எத்தனை சாப்பிட்டாலும் கடைசியில் ஒரு கை மோர்ச்சாதம் இல்லாவிட்டால் நம்மில் பலருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். ஆய்வாளர்கள் இப்போது இன்னொரு காரணத்தையும் சொல்கிறார்கள். புளிக்கவைத்த பால் உணவுகள் குடலின் உட்சுவரை அழற்சியிலிருந்து காக்க உதவக்கூடும் என்பதுதான் அது.

ஒற்றை வரிசைச் செல்கள்

குடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசைச் செல்கள். செரித்த உணவின் சத்துகளை ரத்தத்துக்குள் விடுவதும், குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களை உள்ளே விடாமல் தடுப்பதும் இந்த ஒரு வரிசையின் வேலைதான். அடுத்தடுத்த செல்களுக்கு இடையே விரிசல் விழாதபடி ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேலே வழுவழுப்பான சளிப்படலம் பூசியிருக்கிறது. தேய்மானம் அதிகம் என்பதால் 3 முதல் 5 நாள்களுக்குள் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன.

சளிப்படலம் மெலிந்தாலோ, புரதங்களின் பிடி தளர்ந்தாலோ, சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கசியும். அதைக் கண்டதும் நோய் எதிர்ப்பு செல்கள் அழற்சியைத் தூண்டும். வெளியே தெரியாமல், குறைந்த அளவில் தொடர்ந்து நீடிக்கும் இத்தகைய அழற்சிக்கும் உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு.

உறை ஊற்றிய பிறகு நடப்பது

காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறை ஊற்றுகிறோம். உறைமோரில் உள்ள பாக்டீரியாக்கள் பாலின் லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசீன் புரதம் திரண்டு தயிர் தோய்கிறது. இப்படிக் கிடைக்கும் தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள், அமிலம், பால் புரதம் உடைந்து உண்டான பெப்டைடுகள் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

இத்தகைய பாக்டீரியாக்களில் சில வகைகள் சளிச் சுரப்பைத் தூண்டுவதும், செல்களை இணைக்கும் புரதங்களை வலுப்படுத்துவதும், அழற்சி சமிக்ஞைகளைத் தணிப்பதும் ஆய்வகச் சோதனைகளிலும் விலங்குச் சோதனைகளிலும் தெரிய வந்திருக்கின்றன. மனிதர்களிடம் என்ன கண்டார்கள்?

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 120 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் 9 வாரங்கள் தினமும் தயிரைப் போன்ற, கொழுப்பு குறைந்த யோகர்ட் 339 கிராம் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சோயா புட்டிங் சாப்பிட்டார்கள். யோகர்ட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அழற்சியையும் எண்டோடாக்சின் கசிவையும் காட்டும் சில குறியீடுகள் குறைந்தன. இந்த ஆய்வுக்குப் பால் துறை அமைப்பு ஒன்றின் நிதியுதவி இருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2021-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், 10 வாரங்கள் புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அவர்கள் யோகர்ட், கெஃபிர் (புளித்த பால் பானம்) ஆகியவற்றுடன் கிம்ச்சி (புளித்த காய்கறி), கொம்புச்சா (புளித்த தேநீர்) போன்றவற்றையும் உட்கொண்டதால் முழுப் பெருமையையும் தயிருக்கே கொடுத்துவிட முடியாது.

இரண்டிலும் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய்களைத் தயிர் குணமாக்கும் என்று சொல்ல இவை போதாது.

தினமும் கொஞ்சம், நார்ச்சத்தோடு

தயிரில் வரும் பாக்டீரியாக்கள் குடலுக்கு விருந்தாளிகள். சில நாள்களில் வெளியேறிவிடும். ஆகவே என்றோ ஒரு நாள் வயிறு முட்டத் தின்பதைவிட, தினமும் கொஞ்சம் சேர்ப்பதே நல்லது.

குடலிலேயே நிரந்தரமாக வாழும் பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்து வேண்டும். பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருளான பியூட்டிரேட்டை நார்ச்சத்திலிருந்துதான் அவை பெரும்பாலும் தயாரிக்கின்றன. அந்த வகையில் மோர் விட்டுக் கரைத்த பழைய சோறும் சின்ன வெங்காயமும் அருமையான கூட்டணி. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. வெங்காயத்தில் இனுலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. இரண்டும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி.

சாப்பிடும் முறை

* மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். சோறு நன்றாக ஆறிய பிறகே தயிர் ஊற்றிப் பிசையுங்கள்.
* சர்க்கரை கொட்டிய லஸ்ஸி, பழச்சுவை சேர்த்த யோகர்ட் ஆகியவற்றைக் குறையுங்கள். மோரில் உப்பும், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் ஊறுகாயும் அளவோடு இருக்கட்டும்.
* பால் குடித்தால் வயிறு உப்புபவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸைச் செரிக்கத் தயிரின் பாக்டீரியாக்கள் உதவுகின்றன.

யாருக்கு எச்சரிக்கை?

பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது. சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தயிரோடு விழுங்கினால், தயிரின் கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் எது இருந்தாலும் மோர் குடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். குடல் அழற்சிக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் தயிரை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. மற்றவர்கள் தினமும் ஒரு கிண்ணம் தயிரோ, ஒரு டம்ளர் மோரோ எடுத்துக்கொள்ளலாம். கூடவே கீரை, காய்கறி, பருப்பு வகைகளும் தட்டில் இருக்க வேண்டும்.